கணவன் மனைவிக்குள் இருக்கும் இடைவெளியும் பாலியல் சுகாதாரமும்

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு வீட்டில் பெண் பிள்ளை பிறந்தால், அன்றைக்கே இன்னொரு வீட்டுக்கான கணக்கும் தொடங்கிவிடும். மகளுக்கு ஒரு வளவு பார்க்க வேண்டும், கல் வாங்க வேண்டும், கூரை போட வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவள் எங்கும் போவதில்லை. வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும், தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும், பெரும்பாலும் இதுதான் நடைமுறை. குடி என்கிற குலத்தை எண்ணுவதும் தாய் வழியில். வெளியூர்க்காரர் இதைக் கேள்விப்பட்டால், "உங்கட பெண்களுக்கு நல்ல பலம்தான்" என்பார்கள். பொய்யில்லை. அம்மா வேலிக்கு அப்பால், சின்னம்மா அடுத்த ஒழுங்கையில் என்று இருப்பது ஒரு பெண்ணுக்குப் பெரிய துணை.

அதே பெண்களில் சிலர், மாதர் சங்கக் கூட்டத்தில் நான் சுகாதாரம் பற்றிக் கதைத்து முடித்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு, கதிரை அடுக்குகிற சாட்டில் பின்தங்கி நிற்பார்கள். ஊருக்கு ஊர் சொற்கள் மாறும், கேட்கிற கேள்வி மாறாது. "அவர் வெளிநாட்டால வந்திருக்கார். ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாத்தா நல்லம் எண்டு நினைக்கிறன். அதை எப்படி அவரிட்டச் சொல்றது?"

எந்த வைத்தியசாலை, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அவர்களுக்கு அடுத்த கேள்வி. எப்படிச் சொல்வது என்பதுதான் முதல் கேள்வி. வீடு அவள் பெயரில் இருக்கிறது. உறுதி அலுமாரிக்குள் இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு வசனம் வாயில் வர மறுக்கிறது. அது ஏன் என்று விளங்கிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இடைவெளி என்பது எது?

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு 34 வயது, அவளுக்கு 21. அவர் ஏ.எல். படித்தவர். சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும். கட்டாரில் நான்கு வருடம் வேலை செய்தவர். அவள் ஓ.எல். எழுதியதோடு நின்றவள். சம்பளம் அவருடைய கணக்குக்கு வரும். நினைத்த நேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் டவுனுக்குப் போவார். அவள் டவுனுக்குப் போவதென்றால் ஏன், எதற்கு, யாரோடு என்று மூன்று பேருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

வயது, படிப்பு, பணம், மொழி, வெளியே போய்வரும் சுதந்திரம் என்று ஒவ்வொன்றிலும் இருவருக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. ஆய்வாளர்கள் இதைத் துணைகளுக்கு இடையிலான சமூக வேறுபாடு என்கிறார்கள். நான் இடைவெளி என்றே எழுதுகிறேன். சாதி, மதம், ஊர் ஆகியவையும் இதற்குள் வரும். இதற்கு முன் யாரோடு பழகினார்கள் என்பதும் வரும். ஆணுக்கென்றால் 'இளந்தாரி வயசில அப்படித்தான்' என்று விட்டுவிடுவதும், பெண்ணுக்கென்றால் ஒரு பேச்சு எழும்பினாலே கலியாணம் குழம்பிப் போவதும் ஊரே வைத்திருக்கிற இரண்டு தராசுகள். ஆகவே அதுவும் சமூகம் உண்டாக்கிய இடைவெளிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே எழுதும்போதே கணவருக்கு 'அவர்' என்றும் மனைவிக்கு 'அவள்' என்றும் கை தானாக எழுதிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் மனைவி கணவரை 'நீங்கள்' என்பார், கணவர் மனைவியை 'நீ' என்பார். பேசத் தொடங்கும்போதே ஒருவர் ஒரு படி கீழே நின்றுதான் தொடங்குகிறார். இனி இருவரையும் 'அவர்' என்றே எழுதப் போகிறேன். குழம்பும் இடத்தில் கணவர், மனைவி என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சொல், உயர் ஆபத்துள்ள தம்பதி. கேட்கவே கூசுகிற சொல். ஆனால் இது யாருடைய குணத்தையும் சொல்வதில்லை, ஒரு நிலைமையை மட்டும் சொல்கிறது. பாலுறவு வழியாகத் தொற்றும் நோய் ஒன்று இந்த இருவருக்குள் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. அவ்வளவுதான். ஒருவருக்கு ஏற்கெனவே எச்.ஐ.வி. இருக்கலாம். ஒருவருக்கு வேறு துணைகள் இருக்கலாம். ஒருவர் வருடக்கணக்கில் பிரிந்து வாழலாம். பணத்துக்காகப் பாலுறவு கொள்ள நேர்ந்தவராக இருக்கலாம், ஊசியால் போதைப்பொருள் எடுப்பவராக இருக்கலாம். ஆண்கள்மேல் நாட்டமுள்ள ஒருவர் வீட்டாருக்காக ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்து, எதையும் யாரிடமும் சொல்ல முடியாமல் வாழலாம். மாரியில் நுளம்பு பெருகுகிற ஒழுங்கையில் குடியிருக்கிறவருக்கு டெங்கு ஆபத்து கூட என்று சொல்கிறோமே, அது போலத்தான் இதுவும். அங்கே குடியிருப்பது யாருடைய பாவமும் இல்லை.

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் 1987 இல் கண்டறியப்பட்டது. இன்றுவரை வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவைக்கூட அது எட்டவில்லை. நல்ல செய்திதான். ஆனால் பாலியல் நோய் என்றால் எச்.ஐ.வி. மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ஆட்கள் மேகநோய் என்றும் வெட்டை என்றும் சொன்ன சிபிலிசும் கொனோரியாவும் இருக்கின்றன. சத்தமில்லாமல் வந்து பிள்ளைப்பேற்றையே தடுக்கக்கூடிய கிளமிடியா இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் இந்தக் கட்டுரையில் சொல்வது பொருந்தும்.

இடைவெளியா, அதிகாரமா?

மேலே சொன்ன தம்பதியில் எது ஆபத்து? 13 வயது வித்தியாசமா?

ஆபிரிக்காவில் எச்.ஐ.வி. பரவிய காலத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். காரணமும் இருந்தது. வயதில் மூத்த ஆண் அதிக வருடங்கள் பாலுறவில் இருந்திருப்பார், அதனால் தொற்று இருக்கும் வாய்ப்பு கூட. அவரை ஓர் இளம்பெண் முடித்தால் அந்த ஆபத்து அந்தப் பெண்ணுக்கும் வந்து சேரும். துணைக்கு 5 வயதோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் அதைத் தனியாகக் கணக்கெடுக்கும் வழக்கமும் வந்தது. சில ஆய்வுகள் அந்த நினைப்பு சரி என்று காட்டின. ஆனால் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் கிராமப்புறத்தில் 30 வயதுக்கு உட்பட்ட பெண்களை வருடக்கணக்கில் கவனித்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், துணை எத்தனை வயது மூத்தவர் என்பதற்கும் அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. வருவதற்கும் தொடர்பு தெரியவில்லை.

அதே நாட்டின் கிழக்கு கேப் மாகாணத்தில் 15 முதல் 26 வயது வரையான பெண்களிடம் செய்த இன்னோர் ஆய்வு 2010 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் வயதைவிட வேறொன்றைப் பார்த்தார்கள்: அந்த உறவில் யார் சொல் எடுபடுகிறது, அடி விழுகிறதா. தன் சொல்லுக்கு மதிப்பில்லாத உறவில் இருந்த பெண்களுக்கும், துணையிடம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கும் எச்.ஐ.வி. வந்தது மற்றவர்களைவிடக் கூட.

இந்த அதிகாரத்தை எப்படி அளப்பது என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கென்று 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் உண்டு, பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதன் சாரத்தை நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஆணுறை போடச் சொன்னால் அவருக்குக் கோபம் வருமா? நான் யாரோடு கதைக்கிறேன் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறாரா? முக்கியமான விஷயத்தில் இருவருக்கும் ஒத்துவராவிட்டால் கடைசியில் யார் சொன்னது நடக்கும்? படிக்கும்போதே உங்களுக்குள் ஒரு விடை வந்திருக்கும்.

இதை எனக்கு நானே விளங்கப்படுத்தியது வயலை வைத்துத்தான். கல்லோயாத் தண்ணீர் பாயும் அம்பாறைப் பக்கத்து வயல்களில் எல்லா வரவையும், அதாவது வரம்பு கட்டிய வயல் துண்டும், ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. மட்டம் வித்தியாசமாக இருப்பது யாருடைய குற்றமும் இல்லை. மேலே இருப்பவர் தன் பாட்டுக்கு வாய்க்காலை மறித்து, கீழே இருப்பவர் வாய் திறந்து கேட்கவும் முடியாமல் நிற்கும்போதுதான் பயிர் கருகுகிறது. அங்கே வட்டவிதானை என்று ஒருவர் இருந்து, இன்றைக்கு இன்னாருக்குத் தண்ணீர் என்று முறை வைத்தால், கடைசி வரவைக்காரர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மட்டம் மாறவில்லை, ஆனால் பயிர் பிழைத்துக்கொள்கிறது.

தம்பதிக்குள்ளும் அப்படித்தான். 13 வயது மூத்த கணவர் மனைவியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பவராக இருந்தால் அந்த 13 வயதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இருவரும் ஒரே வகுப்பில் படித்திருந்தும் ஒருவர் வாய் திறக்க மற்றவர் விடாவிட்டால் ஆபத்து அங்கேதான். ஆகவே ஒரு தம்பதியைப் பார்த்து 'பொருத்தமில்லாத சோடி' என்று முடிவு கட்டுவதற்கு இந்தக் கருத்தைப் பயன்படுத்தாதீர்கள். யாரால் கேட்க முடியவில்லை என்பதைப் பாருங்கள்.

வெளிநாட்டால் வந்த பிறகு

நம் பகுதியில் இதை மிகத் தெளிவாகக் காட்டுவது வெளிநாட்டுப் பயணம். சவூதி, குவைத், கட்டார், டுபாய் என்று கணவர் போன வீடுகள் உண்டு, மனைவி போன வீடுகள் உண்டு, இருவரும் மாறி மாறிப் போன வீடுகளும் உண்டு.

போகும்முன் மெடிக்கல் எடுப்பார்கள். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்ந்திருக்கும். அதில் பாஸ் ஆகிவிட்டால் அது வாழ்நாள் சான்றிதழ் மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது. "மெடிக்கல்ல எல்லாம் ஓகே எண்டவங்கள்" என்பார்கள், அது ஐந்து வருடத்துக்கு முந்திய மெடிக்கலாக இருக்கும். இரத்தப் பரிசோதனை அன்றைய நாள் வரைக்கும் நடந்ததைப் பற்றித்தான் பேசும். அதிலும் கடைசிச் சில வாரங்களில் நடந்தது அதில் தெரியாது. தொற்று உடம்புக்குள் வந்து பரிசோதனையில் தெரியும் வரைக்கும் ஓர் இடைக்காலம் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய வகை இரத்தப் பரிசோதனைக்கு 45 நாள் வரை ஆகலாம். விரல் நுனியில் குத்தி உடனே பார்க்கும் பரிசோதனைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

திரும்பி வந்த பிறகு யாரும் மெடிக்கல் எடுக்கச் சொல்வதில்லை. விமான நிலையத்தில் வான் பிடித்து ஊருக்கு வந்து, பெட்டி பிரித்து, சொக்லேட் பங்கிட்டு, அன்றிரவே இருவரும் ஓர் அறைக்குள் போகிறார்கள். மூன்று வருடம் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்று மற்றவருக்குத் தெரியாது. மனைவி கேட்டால் அது சந்தேகம். கணவர் கேட்டால் அது குற்றச்சாட்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்குப் போன பெண்களில் சிலர் வேலை செய்த வீட்டிலேயே பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். அவர் விரும்பி நடந்தது அல்ல அது. ஆனால் ஊருக்கு வந்து அதைச் சொன்னால் இருக்கிற வாழ்க்கையும் போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறார். கொடுமையைச் சொல்ல முடியாதவரால் பரிசோதனை வேண்டும் என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டும் ஒரே கதவால்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. ஊரில் நின்ற மனைவிக்கும் இதுபோல உண்டு. யுத்தமும் 2004 சுனாமியும் விட்டுப்போன ஊர்களில் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர். நுண்கடன் தவணைக்கு நாள் நெருங்கும்போது, உதவி செய்கிறேன் என்று வருகிறவர் பதிலுக்கு என்ன கேட்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கணவரின் மௌனத்தையும் விட்டுவிட முடியாது. வெளிநாட்டில் தொழிலாளர் முகாமில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருந்தவர், ஏதோ ஒரு நாள் நடந்ததை நினைத்து உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பார். 'நாம இரண்டு பேரும் சோதிச்சுப் பாப்பம்' என்று சொன்னால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்று நினைப்பார். மேலே நிற்பவர் என்ற இடம் அவரையும் கட்டிப்போடுகிறது. பிழை விடாதவராக இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு.

உழைப்பு மனைவியிடம் இருந்தால் நிலைமை தலைகீழாகும் என்று எதிர்பார்ப்போம். சில வீடுகளில் அப்படியும் நடக்கிறது. வேறு சில வீடுகளில் மனைவி அனுப்பிய காசில் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, அந்தத் தாழ்வுணர்ச்சியை அடியாலும் குடியாலும் தீர்க்கிற கணவரும் உண்டு. உலகின் பல இடங்களில் செய்த ஆய்வுகளிலும் இந்த இரண்டு மாதிரியும் வந்திருக்கிறது. காசு கை மாறினால் அதிகாரமும் தானாகவே கை மாறிவிடும் என்று நம்ப முடியாது.

யார் பிழை என்ற கேள்வி வந்து நின்றால் யாருக்கு மருந்து வேண்டும் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போகிறது. என் அனுபவத்தில் குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உடம்பும் சமமாக நடத்துவதில்லை

இருவருக்கும் ஒரே தொற்று வந்தாலும் உடம்பு அதை ஒரே மாதிரிக் காட்டாது. கொனோரியா வந்த ஆணுக்குப் பெரும்பாலும் சில நாட்களிலேயே சலம் போகும்போது எரிவும் சீழும் வரும். அதே நோய் வந்த பெண்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் வெள்ளை கூடுதலாகப் போனாலும் 'உடம்புச் சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு இருந்துவிடுவார்கள். கிளமிடியாவும் அப்படித்தான், தெரியாமல் இருந்து கருக்குழாயை அடைத்துவிடும். பிறகு பிள்ளை இல்லை என்று கோயிலுக்கு நேர்த்தி வைத்து அலைவதும் அந்தப் பெண்தான். சிபிலிஸ் புண் வலிக்காது, மருந்து இல்லாமலே ஆறியும்விடும். ஆனால் கிருமி உள்ளே இருந்துகொண்டேயிருக்கும். பெனிசிலின் ஊசியால் சுகப்படுத்தக்கூடிய நோய் அது, தெரிந்தால் மட்டும்.

எச்.ஐ.வி. ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுவது, பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதைவிட இலகு. வயது குறைந்த பெண்ணின் கருப்பைக் கழுத்து முழுமையாக முதிராமல் இருப்பதால் இன்னும் இலகு. எவருக்குக் கேட்கும் பலம் குறைவோ, அவருடைய உடம்புக்கே ஆபத்தும் கூட.

யாரிடமும் கேட்காமலே நடக்கக்கூடியவை

வட்டவிதானையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கேட்க முடியாதவர் சார்பில் வேறொருவர் முறை வைக்கிற ஏற்பாடுகள் நம் நாட்டுச் சுகாதார சேவையில் ஏற்கெனவே இருக்கின்றன. நமக்கு அப்படித் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கர்ப்பிணியாகப் பதிந்ததும் கிளினிக்கில் இரத்தம் எடுக்கிறார்களே, அதில் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். கணவரிடம் அனுமதி கேட்டு ஒரு சண்டையைத் தொடங்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் எடுப்பதால் யாருக்கும் குறைவில்லை. இதைத் தொடர்ந்து செய்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. அந்தப் பெருமையில் நம் ஊர் மிட்வைஃப்மார்களுக்கும் பங்கு உண்டு, சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போய் ஒவ்வொரு வீட்டுப் படலையையும் தட்டியவர்கள் அவர்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 இல் தொடங்கியது. அந்தப் பிள்ளை நாளைக்கு யாரை முடித்தாலும், அவரிடம் எதையும் கேட்காமலே ஒரு பாதுகாப்பு அந்தப் பிள்ளையோடு கூடப் போகிறது. தாய்மாருக்கு 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இருக்கிறது. வெட்கத்தில் தள்ளிப்போட வேண்டாம்.

ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் தம்பதிக்கு, இந்தக் கட்டுரையிலேயே மிக நல்ல செய்தியைச் சொல்கிறேன். தினமும் ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவின் மூலம் துணைக்கு அது தொற்றாது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011 இல் காட்டியது. அதன்பின் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில், வைரஸ் அடங்கிய நிலையில் இருந்தவரிடமிருந்து துணைக்குத் தொற்றிய சம்பவம் ஒன்றுகூட இல்லை. இந்த மருந்து இலங்கையில் இலவசம். எச்.ஐ.வி. இல்லாத துணை முன்கூட்டியே எடுக்கும் ப்ரெப் மாத்திரையும் பாலியல் நோய் கிளினிக்குகளில் கொடுக்கிறார்கள். ஏதோ நடந்துவிட்டது என்ற அவசரத்தில் 72 மணித்தியாலத்துக்குள் போனால் தொற்றாமல் தடுக்கும் மருந்தும் உண்டு, எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது.

ஆணுறை நல்ல பாதுகாப்பு, மலிவும் கூட. ஆனால் அதைப் போடுவது ஆண். மனைவிக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆகவே 'ஆணுறை போடுங்கள்' என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைப்பதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்று சொல்லி அதை வீட்டுக்குள் கொண்டுவந்த பெண்களைக் கண்டிருக்கிறேன். பிள்ளை இடைவெளி என்ற பேச்சில் சந்தேகத்தின் வாடை இல்லை. அதனால் பல கணவர்மார் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து போவது

2012 இல் உலக சுகாதார நிறுவனம் தம்பதிகளுக்கான எச்.ஐ.வி. பரிசோதனை பற்றித் தனியாக ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. இருவரும் ஒன்றாக ஆலோசகர் முன்னால் இருந்து, ஒன்றாகப் பரிசோதித்து, ஒன்றாக முடிவைக் கேட்பது. ஒருவர் மட்டும் போய்த் தெரிந்துகொண்டு வந்தால், அதை மற்றவரிடம் சொல்லும் பாரமும் அவர் தலையில்தான். அனேகமாக முதலில் பரிசோதிக்கப்படுவது மனைவி, கர்ப்பகாலத்தில். நோயைக் கொண்டுவந்தவர் என்ற பழியும் அவர்மேல் விழுகிறது. சேர்ந்து போனால் அந்த முதல் வசனத்தை ஆலோசகர் சொல்லிவிடுவார்.

சரி, அங்கே எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? கதிரை அடுக்கிய பெண்களில் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். "நீங்க சோதிக்க வேணும்" என்று அவர் சொல்லவில்லை. "மிஸ் என்னை ஒருக்கா இரத்தம் குடுக்கச் சொன்னவ, எனக்குத் தனியப் போகப் பயமா இருக்கு, கூட வாங்களன்" என்றிருக்கிறார். துணைக்கு வா என்றால் வராத கணவர் குறைவு. அங்கே இருந்த தாதி, வந்தனீங்கள்தானே, நீங்களும் குடுத்திட்டுப் போங்களன் என்று சொல்ல, அவரும் சேர்ட்டுக் கையை மடித்திருக்கிறார்.

எல்லா வீட்டுக்கும் இது சரிவராது. கை நீட்டுகிற கணவர், பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டை ரெண்டாக்குகிற கணவர் என்றால், சேர்ந்து போகும்படி யாரும் உங்களை நெருக்கக் கூடாது. முதலில் தனியாகப் போங்கள். வீட்டில் அடி விழுகிறதா என்று ஆலோசகர் கேட்டால் மறைக்காதீர்கள், அடுத்து என்ன செய்வது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. இலங்கைச் சட்டம், நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட தம்பதியைத் தவிர, மனைவியைக் கணவர் வற்புறுத்துவதைப் பாலியல் வல்லுறவாக இன்னும் ஏற்கவில்லை. அது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேசலாம்.

கலியாணம் பேசும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். சாதகம் பார்க்கிறோம், குடி பார்க்கிறோம், வளவு எத்தனை பேர்ச் என்று பார்க்கிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு நாள் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வருவதையும் அந்த வேலைகளோடு வேலையாக வைத்துவிட்டால், பிறகு யாரும் யாரையும் சந்தேகிக்கிற மாதிரி இராது. கட்டாயப்படுத்தி அல்ல, முடிவை ஊருக்குக் காட்டவும் அல்ல. முடிவு அந்த இருவருக்கு மட்டும்.

கிளினிக் வாசலில்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்று இடங்களிலும் அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. யாருடைய கடிதமும் தேவையில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ளதற்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. தெரிந்த முகம் இருக்கும் என்று யோசிக்கிற கல்முனைக்காரர் மட்டக்களப்புக்கு பஸ் ஏறலாம், படுவான்கரையில் இருப்பவர் அம்பாறைக்குப் போகலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

உள்ளே ஒரு இலக்கம் தருவார்கள், அதை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். வைத்தியர் தனியறையில் கதைப்பார். கடைசியாக எப்போது பாலுறவு, ஒருவரோடா பலரோடா, ஆணோடா பெண்ணோடா என்று நேரடியாகவே கேட்பார். முதல்முறை கேட்கும்போது காது சுடும். எந்தப் பரிசோதனை தேவை என்று அவர் முடிவெடுப்பது அந்தப் பதில்களை வைத்துத்தான் என்பதால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஒரு நோய் இருப்பதாகத் தெரிந்தால் துணையை எப்படிக் கூட்டி வருவது என்று உங்களோடு சேர்ந்து யோசிப்பார்கள். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து அது திரும்பி வந்துவிடும்.

இரத்தம் எடுத்து முடிந்ததும், இடைக்காலக் கணக்கைப் பார்த்து, தேவையானால் மீண்டும் வரச் சொல்லி ஒரு திகதி தருவார்கள். முதல் முடிவு நல்லபடி வந்த சந்தோசத்தில் பலர் அந்த இரண்டாவது திகதிக்குப் போவதில்லை. போங்கள். அதுவரைக்கும் ஆணுறை பாவியுங்கள், அதையும் அன்றைக்கு அங்கேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.